நிற்கிற வண்டி

"ஹேண்ட்பிரேக் எல்லாம் தேயுற சாமான் மேடம். வாரண்டில வராது" என்றார் மேனேஜர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

பழைய கார் விற்கிற கடைக்கு இவ்வளவு பெரிய கண்ணாடிச் சுவர், இவ்வளவு ஏசி. எல்லாம் என்னைப் போன்ற ஏமாளிகள் கொடுத்தது.

கார் வாங்கிய அன்று இதே ஆள்தான் வாசல்வரை வந்து சாவியைக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு என்ன ஆனாலும் எங்கள் பொறுப்பு என்று பல்லெல்லாம் காட்டினார். இப்போது கேட்டால் எஞ்சினும் கியர்பாக்ஸும் தவிர மற்றதெல்லாம் தேயுமாம். இந்த மனுஷனிடம் தேயாதது நாக்கு ஒன்றுதான்.

போன வாரம் ஆஸ்பத்திரி வாசல் சரிவில் நடந்ததை மறுபடியும் சொன்னேன்.

அப்பாவை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கால் தரையில், ஒரு கால் காருக்குள். கார் தானாகப் பின்னால் நகர்ந்தது. திறந்திருந்த கதவு அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. யாரோ ஓடிவந்து பிடித்ததால் பிழைத்தார். நாளைக்கு மறுபடியும் அதே சரிவில் அவரை இறக்க வேண்டும்.

மேனேஜர் கொட்டாவியை விழுங்கினார்.

"லேடீஸ் இழுக்கிற இழுப்பு பத்தாது மேடம். வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

இருக்கிறார். அவரைத்தான் கார் இழுத்துக்கொண்டு போனது என்று இவ்வளவு நேரமும் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் போனில் இவரே ஒரு பரீட்சை வைத்திருந்தார். கடை வாசலும் சரிவுதானாம். அங்கே கியர் போடாமல், வெறும் ஹேண்ட்பிரேக்கில் வண்டியை நிறுத்த வேண்டுமாம். நகர்ந்தால் பார்க்கலாமாம். நானும் அப்படியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

இப்போது கண்ணாடிப் பக்கம் திரும்பி வெளியே கையைக் காட்டினார்.

"அங்க பாருங்க. நிக்குதே!"

உலகக் கோப்பையை வாங்கிவிட்ட முகம்.

அது எப்படி நிற்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசக் கூடாதாம்.

பேசினார். கார் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும் என்றார். இன்டர்நெட்டைப் பார்த்துவிட்டு வந்து எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுகிறார்கள் என்றார். அவரே ஸ்பானரைக் கையில் தொட்டு எத்தனை ஜென்மம் ஆயிற்றோ.

பேச்சின் நடுவில் அவர் கண்ணில் ஏதோ பட்டுவிட்டது. போனை எடுத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"வாசல்ல என்னய்யா கல்லு? கஸ்டமர் வர்ற இடம். தூக்கிப் போடு அதை."

நான் பதறி மறுபடியும் வாயைத் திறந்தேன். மறுபடியும் அந்த உள்ளங்கை.

சரிதான் போ என்று மூடிக்கொண்டேன்.

அவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேஜை விளிம்பில் சாய்ந்து பேச்சைத் தொடர்ந்தார். வெளியே வாட்ச்மேன் கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து இரண்டு கையாலும் இழுத்து எடுத்தார். சொன்னதைச் செய்கிற மனுஷன், பாவம். கல்லைத் தூக்கிக்கொண்டு மதில் பக்கம் போய்விட்டார்.

சரிவில் ஈ காக்கா இல்லை. கீழே, சரிவு முடிகிற இடத்தில், மேனேஜரின் சொந்தக் கார் மட்டும் நின்றது. புத்தம் புதுசு. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. இவர் மட்டும் பழைய கார் வாங்கமாட்டார்.

அந்தக் கல் என்னுடையது. போன வாரத்திலிருந்து அதை டிக்கியில் போட்டுக்கொண்டுதான் அலைகிறேன். எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை, அதைப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது.

என் கார் உடனே நகர்ந்துவிடாது. கொஞ்ச நேரம் யோசிக்கும்.

"நிக்குற வண்டியை நிக்கலைன்னு சொன்னா நாங்க என்ன மேடம் பண்றது?" என்று மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அது யோசித்து முடித்துவிட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. குறுக்கே பேசினால் அவருக்குப் பிடிக்காது.