ஒரு காபி, வரி உட்பட

வரி போட வேறெதுவும் மிச்சமில்லாத அரசாங்கம், போனில் எதைக் கேட்டு வாங்கினாலும் அது ஆன்லைன் வியாபாரம்தான் என்று சட்டம் போட்டது. மறுமாதமே ஞானவேல் வீட்டுக்கு அதிகாரி வந்துவிட்டார்.

“பெட்ரூம்ல இருந்து கிச்சனுக்கு ‘ஒரு காபி’ன்னு மெசேஜ். போன மாசம் மட்டும் நூத்திநாலு.”

“சார், அவ என் பொண்டாட்டி! காபிக்கு நான் காசே கொடுத்ததில்ல.”

“அப்போ விலை பூஜ்யம். வரியும் பூஜ்யம்” என்று அதிகாரி எழுதப் போனார்.

சுகந்தி கரண்டியோடு வெளியே வந்தாள். “பூஜ்யம்னு எழுதாதீங்க சார். காபி நானூறு ரூபா. வரியை நான் கட்டிடறேன்.”

மறுநாள் ஞானவேல் மெசேஜ் அனுப்பவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக, ஏழடி நடந்து சமையலறைக்கே வந்து காபி கேட்டான்.

“நேர்ல வந்தாலும் அதே விலைதாங்க” என்றாள் சுகந்தி.