1938-ஆம் வருஷத்து ஓலைப் புத்தகம்

“கல்யாணம் வேண்டாம்னு சொன்ன பொண்ணு நம்ம வம்சத்துலயே கெடையாது, கண்ணு. எங்கப்பத்தா பூவாத்தா மாப்பிள்ளை மூஞ்சியக்கூடப் பாக்காமத் தலையாட்டுனவ,” என்றார் பெரியப்பா தேவசகாயம்.

“நீங்க பாத்தீங்களாக்கும்?” என்றாள் இனியா.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். படிப்பு முடிந்த கையோடு, அவளைக் கேட்காமலே மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. போன ஞாயிறு கிணத்துக்கடவு சர்ச்சில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். ஆட்சேபணை இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும்.

“வா, எழுதியே வெச்சிருக்குது, காட்டுறேன்!” என்று பெரியப்பா அவளை சர்ச் ஆபீசுக்கு இழுத்துப்போனார்.

குமாஸ்தா சாமுவேல் பழைய ஓலைப் புத்தகத்தைத் தூசி தட்டி விரித்தார்.

“மணமகள் பூவாத்தாள். முதல் ஓலை வாசிக்கப்பட்டது,” என்று படித்தவர் நிறுத்தினார். “ரெண்டாவதுல யாரோ ஆட்சேபணை பண்ணிப்போட்டாங்க. கல்யாணம் நின்னுபோச்சுங்க.”

பெரியப்பா மேசையில் குத்தினார். “எங்கப்பத்தா கல்யாணத்த நிறுத்துன களவாணிப்பய எவன்? பேரைப் படிங்க!”

சாமுவேல் தொண்டையைச் செருமினார்.

“ஆட்சேபித்தவர், பூவாத்தாள். காரணம், ‘எனக்கு இவனைப் பிடிக்கவில்லை.’ கீழ கைநாட்டு வெச்சிருக்காங்க. உங்க தாத்தா சின்னான் பேரு அடுத்த வருஷந்தான் வருதுங்க.”

பெரியப்பா நாற்காலியைத் தேடினார்.

“இந்த வருஷத்துப் புத்தகத்தை எடுங்கய்யா,” என்றாள் இனியா. “மை டப்பா வேண்டாமுங்க, பேனா குடுங்க.”