எண்ணெய்க்குக் கீழே தண்ணீர்

தண்ணீர் வந்தது.

அவர் எண்ணெய்க் கிண்ணத்தின் அடித்திருகை இன்னும் அரைச் சுற்று தளர்த்தினார். மறுபடியும் தண்ணீர்தான். சொட்டுச் சொட்டாக விரல் நுனியில் விழுந்து வழிந்தது.

முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

தண்ணீர்.

நெல்லிக்காய் அளவுப் பித்தளைக் கிண்ணம் அது. மூடி போட்டது. சிலிண்டருக்குப் போகும் நீராவிக் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் கெட்டி எண்ணெய் நிரப்ப வேண்டும். இஞ்சின் ஓடும்போது துளி நீராவி கிண்ணத்துக்குள் நுழையும். குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். தங்கிய அளவுக்கு எண்ணெய் மேலெழும்பி, குழாய் வழியே பிஸ்டனுக்குப் போய்ச் சேரும்.

ஓடிய இஞ்சினில் மட்டும்தான் அடியில் தண்ணீர் இருக்கும்.

இது இன்னும் ஓடாத இஞ்சின்.

ஒன்பது வருடம். மில்லில் ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் இந்தச் சின்ன நீராவி இஞ்சினைச் செய்யத் தொடங்கினார். கார் நிற்க வேண்டிய ஷெட்டில் கடைசல் லேத்து நின்றது. பாய்லரை இரண்டு முறை பிரித்து மறுபடி பற்றாசு வைத்து இணைத்தார். பிஸ்டனை ஏழு முறை கடைந்தார். இவ்வளவுக்கும் முழு இஞ்சினும் ஒரு தையல் மிஷின் உயரம்தான்.

மாசியில் டாக்டர் மூளையின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மறதி இனி கூடிக்கொண்டுதான் போகும் என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதற்குள் இது ஒரு முறை ஓட வேண்டும். ஓடுவதை அவர் பார்க்க வேண்டும்.

இன்று காலை அதற்காகவே தலைக்குக் குளித்துவிட்டு ஷெட்டுக்கு வந்தார். எண்ணெய் ஊற்றுமுன் கிண்ணம் காலிதானா என்று அடித்திருகைத் திறந்தார்.

ஷெட் சாவி அவர் அரைஞாணில்தான் இருக்கிறது. வேறு சாவி கிடையாது.

குனிந்து பாய்லரின் அடியைப் பார்த்தார். அமிலத்தில் கழுவிப் பளபளவென்று வைத்திருந்த செம்பு. இப்போது கருத்திருந்தது. ஓரங்களில் தீ பட்ட நீலம்.

ஃப்ளைவீல் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். அவர் நினைவில் அது ஓரிடத்தில் இறுகிப் பிடிக்கும்.

பிடிக்கவில்லை. தானாகச் சுற்றியது. விரலை எடுத்த பிறகும் சுற்றியது.

அடிப்பலகையில் நான்கு பித்தளைத் திருகுகள். ஒன்றின் தலை வெட்டுக்குள் சிவப்பாக ஏதோ இருந்தது. துரு என்று நினைத்தார்.

பித்தளை துருப்பிடிக்காது.

ஊசியால் கிளறினார்.

குங்குமம்.

சுற்றிலும் எங்கும் இல்லை. துடைத்திருந்தது. ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. சமையல் மேடையைத் துடைக்கிற மனைவியின் கை.

அந்தக் கைக்குக் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு இருப்பது தெரியாது. ஓட்டம் முடிந்து சூடு ஆறுமுன் தண்ணீரை வடித்துவிடுவது அவர் வேலை. மில்லில் முப்பத்து நான்கு வருடப் பழக்கம். யோசிக்காமலே கை செய்யும்.

நேற்றுத்தான் இது ஓடியிருக்க வேண்டும்; கையும் மறந்திருக்கிறது.

நேற்று. அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மழை பெய்ததா? காலையில் இட்லியா, தோசையா? யாராவது வந்தார்களா?

ஒன்றும் வரவில்லை.

அவர் மனைவி வசந்தாமணி தட்டோடு வந்தாள். தட்டில் எலுமிச்சம்பழம், சூடம், குங்குமம். தலையில் பூ வைத்திருந்தாள்.

“ஏனுங்க, இன்னைக்காவது ஓடுமா உங்க ரயிலு? ஒம்போது வருசமா நம்ம காரு வேப்பமரத்தடியில காக்கா எச்சத்துல குளிக்குதுங்க.”

நல்ல கேலி. அவருக்கே சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் அவள் சிரிப்பு, பேச்சு முடிவதற்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டது.

குங்குமத்தில் விரலைத் தொட்டாள். அவரைப் பார்த்துச் சிரித்தபடியே, பலகையைப் பார்க்காமல், பொட்டு வைத்தாள்.

சரியாக அந்தத் திருகின் மேல்.

அவர் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு நாள்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தொலைந்தது ஒரு நாள். அதைப் பார்த்தவள் ஒருத்தி எதிரில் நிற்கிறாள். சத்தம் எப்படி இருந்தது, சக்கரம் எந்தப் பக்கம் முதலில் அசைந்தது, தான் என்ன சொன்னோம், எல்லாவற்றையும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பார்த்ததற்குப் பாதியாவது ஆகும்.

தீப்பெட்டியைக் கீழே வைத்தார்.

“வசந்தா, எப்படி ஓடுச்சு?”

சூடத்தைக் கிள்ளிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன.

முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

தட்டை லேத்தின் மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“எந்தத் தடவைங்க?” என்றாள்.