மூன்றெழுத்து முத்திரை

"மாத்தி வெச்சது நீதானாம். ஒத்துக்கிட்டா ஊருக்கு டிக்கெட்டு. இல்லேன்னா இப்பமே போலீசு. என்ன சொல்லுத?"

முதலாளி மக்தூம் சொன்னதை மொழிபெயர்த்துவிட்டு வீரபாண்டியின் முகத்தைப் பார்த்தான் பெர்சி. அதில் பயம் இல்லை. யோசனைதான் இருந்தது.

"நான் மாத்தலண்ணே."

துபாய் அல் கூஸில் மக்தூமின் கிடங்கு அது. வெளியே வெறும் தகரக் கூரை. உள்ளே ஏசி குளிரில், கண்ணாடி அலமாரிகளில் பழைய வாள்களும் பதக்கங்களும். பெர்சி அங்கே கிளார்க். வீரபாண்டிக்கு எல்லாவற்றையும் துடைத்து வைக்கும் வேலை.

மேஜைமேல் வெல்வெட் துணியில் பன்னிரண்டு பேட்ஜ்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் சட்டையில் குத்திக்கொண்டவை. மூன்று வருடங்களுக்கு முன், 2004இல், லண்டன் டீலர் ரஸ்ஸல் மக்தூமுக்கு விற்றவை. போன வாரம் வந்த விருந்தாளி ஒருவர் அதில் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, "இது போலி" என்று சிரித்துவிட்டுப் போனார். மக்தூமுக்குத் தூக்கம் போயிற்று. ரஸ்ஸலை வரவழைத்தார்.

ரஸ்ஸல் லென்ஸ் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நான் கொடுத்தது அசல். இது வேறு. பின்னால் இருக்கும் மூன்றெழுத்து முத்திரையைப் பாருங்கள். பேட்ஜ் செய்து முடித்த பிறகு, தயாரித்தவர்கள் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்த முத்திரை. அசலில் ஓரம் கூர்மையாக இருக்கும். இது மழுங்கியிருக்கிறது. அசலிலிருந்து அச்செடுத்து ஊற்றிய வார்ப்பு. இங்கே துடைக்கிறவன்தான் மாற்றி வைத்திருக்கிறான்."

"துடைப்பவனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார் மக்தூம்.

ரஸ்ஸல் அலமாரியிலிருந்த தடித்த புத்தகத்தைத் தட்டினார். முத்திரைகள் பற்றிய புத்தகம். "மூன்று மாதமாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறான். உங்கள் வாட்ச்மேனே சொன்னான்."

பெர்சி குரலைத் தாழ்த்தினான். "லே, நீ எதுக்கு அந்தப் புத்தகத்த எடுத்த?"

"சும்மா பாத்தேண்ணே."

"போலீசுகிட்டப் போய் சும்மா பாத்தேன்னு சொல்லு. அவனும் சும்மா விட்டிருவான்."

வீரபாண்டி அதைக் காதில் வாங்கவில்லை. "அண்ணே, அவரு சொன்னத இன்னொருக்கா கேளுங்க. சுத்தியல வெச்சு ஒண்ணொண்ணாத்தான் அடிப்பாகளா?"

பெர்சி கேட்டான். "ஆமாங்கிறாரு."

"இது போதும்ணே."

வீரபாண்டி பன்னிரண்டையும் குப்புறத் திருப்பினான். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஐந்தை இந்தப் பக்கம் நகர்த்தினான். ஏழை அந்தப் பக்கம்.

"இந்த அஞ்சுல ஒண்ணு சாஞ்சிருக்கு, ஒண்ணு ஆழமா எறங்கியிருக்கு. கை வேலை. அந்த ஏழப் பாருங்க. ஏழும் ஒரே சாய்வு. கடைசி எழுத்தோட வாலுல ஒரு பொட்டு இருக்கு. அது ஏழுலயும் அதே எடத்துல இருக்கு. நாங்க ஆட்டுக்குச் சூடு வெப்போம்ணே. கம்பி ஒண்ணுதான். ஆனா ரெண்டு ஆட்டுல ஒரே மாதிரி விழாது. ஆடு துள்ளும், கை நகரும்."

பெர்சி சொல்லச் சொல்ல மக்தூம் நாற்காலியில் நிமிர்ந்தார். லென்ஸைப் பிடுங்கி ஏழையும் பார்த்தார்.

"வல்லாஹி! எங்கள் ஒட்டகச் சூடும் அப்படித்தான்!"

ரஸ்ஸலின் கழுத்து சிவந்தது. "அப்படியானால் இவன் ஒன்றை அல்ல, ஏழையும் மாற்றியிருக்கிறான்!"

"அண்ணே, விக்கும்போது இவரு போட்டோ குடுத்திருப்பாருல்ல?"

பெர்சி ஓடிப்போய் ஃபைலை எடுத்து வந்தான். ஒவ்வொரு பேட்ஜுக்கும் பின்பக்கப் படம், பெரிதாக. கீழே ரஸ்ஸலின் கையெழுத்து, 2004 என்று தேதி. ஏழு படத்திலும் வாலில் அதே பொட்டு.

"நீ துபாய் வந்து எத்தன மாசம் ஆச்சு?" என்று கேட்டான் பெர்சி.

"பதினொண்ணு."

பெர்சி அதை ஆங்கிலத்தில் ஒருமுறையும் அரபியில் ஒருமுறையும் சொன்னான். இரண்டு முறையும் கத்திச் சொன்னான்.

ரஸ்ஸல் புத்தகத்தை வீரபாண்டியின் முன் தள்ளினார். "பெரிய நிபுணன்! இந்த முத்திரை யாருடையது? பக்கத்தைத் திறந்து வாசிக்கட்டும்!"

வீரபாண்டி புத்தகத்தைத் தொடவில்லை. "யாரோடதா இருந்தா என்னண்ணே? ஏழும் ஒரே அச்சுல ஊத்துனது. அத மட்டும் சொல்லுங்க."

"கலாஸ், போதும்," என்றார் மக்தூம். போனை எடுத்தார்.

போலீஸ் வந்தது. கூட்டிப்போனது ரஸ்ஸலை.

மக்தூம் வீரபாண்டியின் தோளில் கை போட்டார். "இனி இவன் துணி பிடிக்க வேண்டாம். இந்தக் கிடங்குக்குள் எது வந்தாலும் இவன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வாங்குவேன். பெர்சி, லெட்டர் போடு. யல்லா!"

பெர்சி விசில் அடித்துக்கொண்டே டைப் செய்தான். முதலில் ஆங்கிலத்தில். வீரபாண்டியே வாசித்துச் சந்தோஷப்படட்டும் என்று கீழே தமிழிலும்.

"இந்தா மக்கா. நிதானமா வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. நிபுணன்னே போட்டிருக்கேன்."

வீரபாண்டி தாளை வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, மூணாவது வரியில மை கொஞ்சம் தேஞ்சிருக்கு."

"டோனர் தீந்து போச்சுலே. எழுதியிருக்கது சரியா, அதச் சொல்லு."

"அத நீங்கதாண்ணே வாசிச்சுச் சொல்லணும்" என்ற நிபுணன், இடது கட்டைவிரலை ஸ்டாம்ப் பேடில் அழுத்தினான்.