தலாய்க்கு மெதுவாகப் பேச வராது

"தலாய் அண்ணே, இது ஆபீசா, ஓஷ் சந்தையா?"

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் புதிதாக வந்த மேனேஜர் பெகிமாய் கேட்டாள். எதிரே தலாய் நின்றிருந்தார்.

"ஏம்மா, என்ன ஆச்சு?" அதையும் கத்தித்தான் கேட்டார்.

"இதேதான் ஆச்சு! நீங்க இங்கே 'டீ வேணுமா'ன்னு கேட்டா, தெருவுல போறவன் 'வேணும்'ங்கறான். போன்ல பேசற கஸ்டமர், 'அங்கே ஏதாவது சண்டையா'ன்னு விசாரிக்கிறார். எல்லாரும் எங்கிட்ட வந்து புலம்பறாங்க. ஆபீஸ்னா ஒரு நாகரிகம் வேணாமா? மெதுவாப் பேசப் பழகுங்க."

தலாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அறைக் கதவு திறந்திருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை ஆபீசே அடங்கிக் கிடந்தது.

"பிஷ்கெக் நகரத்துக்கே புண்ணியம் பண்ணிட்டீங்க!" என்று அவளிடம் சொன்னான் ஆபீசில் வேலை பார்க்கும் எல்தார். பெகிமாய் சிரித்துக்கொண்டாள்.

மத்தியானம் மீட்டிங்.

"கனிகேய் அக்கா, கராகோல் பஸ் விபத்துக் கேஸ் எந்த அளவுல இருக்கு?" பெகிமாய் கேட்டாள்.

ஆபீசிலேயே மூத்தவர் கனிகேய். புன்னகையோடு தலையாட்டினார். "ஆமாமா, ரொம்ப நல்லது."

"அக்கா மனசு இஸ்ஸிக்குல் ஏரிக்குக் குளிக்கப் போயிருச்சு!" என்றான் எல்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் கனிகேயும் சிரித்தார்.

"கராகோல் பஸ் கேசைக் கேக்கறாங்க!"

மேஜையின் மறுகோடியிலிருந்து தலாய் போட்ட சத்தத்தில் டீக் கிண்ணங்கள் அதிர்ந்தன.

கனிகேய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுவா, ரெண்டு குடும்பத்துக்குப் பணம் போயாச்சு. டிரைவருக்குத்தான் பாக்கி."

பெகிமாய்க்கு முகம் சிவந்துவிட்டது. மீட்டிங் முடிந்ததும் தலாயை அறைக்குக் கூப்பிட்டாள்.

"நேத்துதானே சொன்னேன்? வேணும்னே பண்றீங்களா?"

"ஆமாம்மா. வேணும்னேதான்."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் பேசியதைக் கேட்க பெகிமாய் முன்னால் சாய வேண்டியிருந்தது.

"உங்களை நம்பிச் சொல்றேன். கனிகேய் அக்காவுக்குக் காது மந்தமாயிட்டே வருது. வெளியே தெரிஞ்சா வேலை போயிடும்னு பயப்படறாங்க. படுத்த படுக்கையா புருஷன். இந்தச் சம்பளத்துலதான் வீடே ஓடுது."

பெகிமாயும் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்படின்னா அவங்ககிட்ட மட்டும் சத்தமாப் பேசினா போதாதா அண்ணே?"

"அவங்ககிட்ட மட்டும் கத்தினா விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சுடுமேம்மா. அதான், எல்லார்கிட்டயும் கத்தறேன்."