மூன்றாவது பஞ்சுக்கோழி

"இன்னிக்குக் கூவிச்சா, தங்கச்சி?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உரக்கக் கேட்டார் இன்ஜின் டிரைவர் கொர்னேலியஸ். இரவெல்லாம் போர்ட் சுவெட்டன்ஹாம் கூட்ஸ் வண்டியை ஓட்டிவிட்டு, முகமெல்லாம் கரியாக வந்து நிற்கிறவர் தம் வீட்டுக் கதவைக்கூடத் திறக்காமல் கேட்கிற முதல் கேள்வி.

"இல்லண்ணே," என்றாள் டொரத்தி.

"நெசமாவா?"

"மாதா சத்தியமா."

அவர் அவள் வாயையே உற்றுப் பார்த்தார். பொய் வருகிறதா என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஐந்து நாளாக இதே கதை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பொட்டைக்கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. இரவு வேலை பார்த்தவர்கள் பகலில்தானே தூங்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் ஒரு கடிதம் எழுதினால் போதும், சேவல் அன்றைக்கே வெளியேற வேண்டும்.

டொரத்தி வீட்டு மூன்று கோழிகளும் சீனத் தச்சரின் மனைவி ஆ லான் குஞ்சாகக் கொடுத்தவை. கடைவீதி மாடிக்குக் குடிபோனபோது, வளர்க்க இடமில்லாமல் கூடையோடு கொண்டுவந்து வைத்தாள். உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. விலக்கிப் பார்த்தால் தோல் மை போலக் கருப்பு. காலுக்கு ஐந்து விரல்.

"இதுல எது பொட்டை, எது சேவல்?" என்று அப்போதே கேட்டாள் டொரத்தி.

"இப்பத் தெரியாது லா," என்றாள் ஆ லான் பாசார் மலாயில், சந்தைப் பேச்சில். "அஞ்சு மாசம் ஆவணும். தலை முடி உருண்டையா இருந்தா பொட்டை. பின்னால நீண்டா சேவல். சேவலா இருந்தா எனக்குத் திருப்பிக் குடுத்திடு. மருமகளுக்குப் பேறுகாலம் வருது, மருந்து போட்டு சூப் வெக்கணும்."

இரண்டுக்குத் தலையில் பூப்பந்து மாதிரி முடி உருண்டது. மூன்றாவதுக்கு மட்டும் நாலைந்து இழைகள் பின்பக்கமாக நீண்டன.

"பொட்டைதான் இது," என்றாள் டொரத்தி.

"பொட்டையா? எண்ணெய் தடவிச் சீவின மாப்பிள்ளை மாதிரி நிக்குது," என்றான் அவள் புருஷன் ரபேல். ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். "கொண்டையப் பாரு, நாவப்பழம் கணக்கா வீங்கிக் கெடக்கு. கொர்னேலியஸ் அண்ணனே கண்டுபிடிச்சிட்டாரு. அவரு கடுதாசி எழுதினா எங்க ஆபீசுக்குத்தான் வரும். என் மானம் போவும்."

"கூவட்டும், அப்புறம் பாப்போம்."

"கூவினா?"

மூன்றாவது கோழி டொரத்தியின் மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டது. மகள் பெர்னடெட் காய்ச்சலில் போய் ஒன்பது மாதம் ஆகிறது. நாலு வயது. அதற்குப் பிறகு அந்த மடியில் வந்து உட்கார்ந்த உயிர் இது ஒன்றுதான்.

மறுநாள் அவள் தையல் கத்தரியை எடுத்து, நீண்டிருந்த இழைகளை வெட்டித் தலையை உருண்டையாக்கினாள்.

"அப்படியே ஒரு பாவாடையும் தெச்சுப் போட்டுடு," என்றான் ரபேல்.

கொர்னேலியஸ் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"முடிய வெட்டிட்டியா?"

"உதிந்து போச்சுண்ணே."

"ம். நான் தூங்கறப்பக் கூவினாலும் சொல்லிடணும். மறைக்கக் கூடாது. தெரியுதா?"

தெரியுது என்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலை அவர் வேலியோரம் நிற்காமல், படலைத் திறந்துகொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து ரயில்வே முத்திரை குத்திய நீளக் கவர் ஒன்று எட்டிப் பார்த்தது.

கடிதம் எழுதியே விட்டார் என்று நினைத்தாள் டொரத்தி.

"அண்ணே, ஒரே ஒரு வாரம் குடுங்க. கிள்ளான்ல எங்க சித்தி வீடு இருக்கு. அங்க கொண்டுபோய் விட்டுடறேன். ஆ லான் கையில மட்டும் போவக் கூடாதுண்ணே, சூப்பு வெச்சிடுவா." சொல்லும்போதே முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"மூஞ்சிய மூடாம சொல்லு, தங்கச்சி."

அவள் முந்தானையை எடுத்தாள். அப்போதுதான் பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், கூண்டின் மேல் ஏறி நின்றது மூன்றாவது கோழி. கழுத்தை நீட்டி, மார்பை நிமிர்த்தியது.

கூவியது. ஐந்து மாதம் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்துக் கூவியது. மூன்றாவது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீரிட்டு அழுதது. எதிர் வரிசையில் யாரோ சன்னலைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து ரபேல் கையில் சவரக் கத்தியோடு ஓடிவந்து வாசலில் நின்றான். போதாக்குறைக்கு அது இன்னொரு முறையும் கூவியது.



கொர்னேலியஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்த கவரை எடுத்து, விரித்து, மறுபடி மடித்தார். பிறகு அவள் உதட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"இன்னுமா கூவல, தங்கச்சி? பத்து மணிக்கு ரயில்வே டாக்டர் என் காதைப் பாக்குறாரு. போறதுக்குள்ள அதோட சத்தம் ஒரு தடவை கேட்டுட்டா, தைரியமாப் போவேன்."