வாசித்துக் காட்டச் சொன்னாள்

“வாசிச்சுக் காட்டாம கைநாட்டு வைக்க மாட்டேன்” என்றாள் பூங்கனி.

கோர்ட்டே திகைத்துப்போனது. திருவிதாங்கூர் மகாராஜாவின் கோர்ட்டில், மாஜிஸ்திரேட்டுக்கு எதிரிலேயே ஒரு பொம்பிளை இப்படிப் பேசினால் வேறென்ன ஆகும்?

குற்றவாளிக் கூண்டில் நின்றவன் வைகுண்டராஜன். வயல் மடையில் தண்ணீர்ச் சண்டை. அவன் அடித்ததில் பூங்கனியின் புருஷன் கோலப்பனுக்குக் கை முறிந்துவிட்டது. நடந்ததை அவன் சொன்னபோது ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவள் பூங்கனி ஒருத்திதான். அவள் சாட்சியில் அவனுக்கு ஜெயில் நிச்சயம்.

சற்றுமுன் அவள் மெல்லிய குரலில் சொன்ன சாட்சி எழுத்தரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. அவர் மலையாளத்தில் எழுதித் தள்ளினார். மாஜிஸ்திரேட் வேறு ஏதோ காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எழுத்தருக்கு மூக்கு சிவந்தது. “இந்த எழுத்துலேயே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. என்னையே சந்தேகப்படுதியா?”

“சந்தேகமில்ல ஐயா. எழுதினது மலையாளம். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தமிழ்ல சொல்லுங்க, கேக்குதேன்.”

“ஏட்டி, பேசாம கைநாட்ட வச்சுட்டு வா” என்று கோலப்பன் பல்லைக் கடித்தான்.

சொன்னது போதாதென்று இன்னும் எதையோ சேர்க்கப் பார்க்கிறாள், படுபாவி என்று வைகுண்டராஜன் மனசுக்குள் சபித்தான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

“வாசியும்” என்றார் மாஜிஸ்திரேட், சலிப்போடு.

எழுத்தர் தமிழில் சொன்னார். “வைகுண்டராஜன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததைப் பார்த்தேன். என் கணவரின் கை முறிந்தது. வேறொன்றும் தெரியாது.”

“ஒண்ணு விட்டுப்போச்சு” என்றாள் பூங்கனி.

கோலப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வைகுண்டராஜன் கண்ணை மூடிக்கொண்டான்.

“உனக்கு நல்லதுன்னுதாம்மா விட்டேன்” என்று எழுத்தர் முணுமுணுத்தார்.

மாஜிஸ்திரேட் இப்போதுதான் தலை தூக்கினார். “என்ன விட்டுப்போச்சு? சொல்லு.”

இந்தத் தடவை பூங்கனியின் குரல் வாசல்வரை கேட்டது.

“வெட்டுக்கத்தியோட முதல்ல பாஞ்சது எங்க வீட்டுக்காரருதான்னும் சொன்னேம்லா. அதையும் எழுதச் சொல்லுங்க ஐயா.”